செல்லுக்குள் ஓடும் புரதச் சமிக்ஞையைக் கணினியில் பின்தொடர்வது எப்படி

எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன் உங்கள் கேள்வியை ஒரே வரியில் எழுதிவிடுங்கள். "புற்றுநோய் செல்லில் சமிக்ஞை எப்படி வேலை செய்கிறது" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "மெக் கைனேஸைத் தடுத்தால் அதற்கு மேலே இருக்கும் ராஃப், ராஸ் புரதங்களுக்கு என்ன ஆகிறது" என்று கேட்டால்தான் எந்தத் தரவுத்தளம் வேண்டும், எது வேண்டாம் என்பது தெரியவரும். (கைனேஸ் என்பது மற்றப் புரதங்கள் மீது பாஸ்பேட் ஒட்டும் புரதம். இந்தப் பாதையில் சமிக்ஞை ராஸ், ராஃப், மெக், ஈஆர்கே என்ற வரிசையில் மேலிருந்து கீழே போகிறது.)

அடுத்தது பெயர்கள். சலிப்பான வேலைதான், ஆனால் குளறுபடிகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். ஈஆர்கே2 புரதத்தின் ஜீன் பெயர் எம்ஏபிகே1, ஈஆர்கே1-இன் ஜீன் பெயர் எம்ஏபிகே3, அதாவது வரிசையே தலைகீழ். அதனால் எல்லாவற்றையும் யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தின் அடையாள எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாஸ்பேட் ஒட்டும் இடங்களிலும் இதே தொல்லை உண்டு: செல்லின் மேற்பரப்பில் வெளிச் சமிக்ஞையை வாங்கும் இஜிஎஃப்ஆர் புரதத்தில் பழைய கட்டுரைகள் சொல்லும் டைரோசின் (ஓர் அமினோ அமிலம்) 1068-உம் யூனிப்ராட் காட்டும் 1092-உம் ஒரே இடம்தான், முன்னால் வெட்டப்பட்டுப் போகும் 24 அமினோ அமிலங்களைப் பழைய கணக்கு சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். அப்புறம், ஜீன் பட்டியலை எக்செல்லில் இரண்டு முறை சொடுக்கித் திறக்காதீர்கள். சில பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லைக்காகவே 2020-இல் சில மனித ஜீன்களுக்குப் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று.

இப்போது வலையமைப்பு. பலரும் முதலில் போவது புரதங்களுக்கு இடையிலான தொடர்புகளைக் காட்டும் ஸ்ட்ரிங் தளத்துக்கு. போகலாம், ஆனால் அங்கே இயல்பாகத் தெரியும் கோடு "இந்த இரண்டுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது" என்று மட்டும்தான் சொல்கிறது, யார் யாரைத் தூண்டுகிறார், யார் யாரை அடக்குகிறார் என்பது அந்தக் கோட்டில் இல்லை. அதன் மதிப்பெண்ணும் தொடர்பின் வலிமையைக் காட்டுவதில்லை, சான்று எவ்வளவு நம்பகமானது என்பதைத்தான் காட்டுகிறது. இயல்பாக 0.4 என்று இருக்கும், 0.7-க்கு ஏற்றிவிடுங்கள், பாதிக் குப்பை கழியும். சமிக்ஞைக்கு உண்மையில் வேண்டியது திசையும் குறியும் (தூண்டலா, அடக்கலா) உள்ள அம்புகள். அதற்கு சிக்னார், ஆம்னிபாத் என்ற இரண்டு தரவுத்தளங்களையும் பாருங்கள். ஆம்னிபாத்தை ஆர், பைத்தான் என்ற நிரல் மொழிகள் இரண்டிலிருந்தும் நேராக இழுக்கலாம். படமாகப் பார்க்க சைட்டோஸ்கேப் போதும், இலவசம்தான். ஆனால் ஐந்நூறு முனைகளை (ஒவ்வொரு முனையும் ஒரு புரதம்) கொட்டி அழகான நூல்கண்டு ஒன்றை வரைந்துவிட்டு அதையே முடிவு என்று காட்டாதீர்கள். அதிகம் ஆராயப்பட்ட புரதங்களுக்குக் கோடுகளும் அதிகம் இருக்கும், நடுவில் வந்து உட்கார்ந்திருப்பதாலேயே ஒரு புரதம் முக்கியமானதாகிவிடாது.

கையில் பாஸ்போபுரதத் தரவு (எந்தப் புரதத்தின் எந்த இடத்தில் எவ்வளவு பாஸ்பேட் ஒட்டியிருக்கிறது என்ற அளவீடு) இருந்தால் ஒவ்வொரு இடமாகப் பார்க்காமல் கைனேஸ்களின் செயல்பாட்டைக் கணக்கிடுங்கள். ஒரு கைனேஸ் பாஸ்பேட் ஒட்டும் இடங்களெல்லாம் சேர்ந்து ஏறியிருந்தால் அந்தக் கைனேஸ் விழித்திருக்கிறது என்று கொள்வதுதான் அடிப்படை, டிகப்ளர் என்ற நிரல் தொகுப்பில் இதற்கான முறைகள் இருக்கின்றன. நாலைந்து இடங்கள்கூட இல்லாத கைனேஸை விட்டுவிடுங்கள். புரதத்தின் மொத்த அளவே கூடியிருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள், இல்லையென்றால் புரதம் பெருகியதைச் சமிக்ஞை என்று எண்ணி ஏமாறுவீர்கள்.

அடுத்து, சமிக்ஞை எப்படி ஓடும் என்று கணிக்கும் மாதிரியைக் கட்டும்போது, அளவுகள் நேரத்தோடு மாறுவதைச் சொல்லும் வகைக்கெழுச் சமன்பாடுகளில் நேராகக் குதிக்க வேண்டாம். முதலில் பூலியன், அதாவது ஒவ்வொரு புரதமும் ஆன் அல்லது ஆஃப். செல்நாப்ட் என்ற நிரல் இதற்கு நல்லது. எல்லா முனைகளையும் ஒரே நேரத்தில் புதுப்பித்தால் எதிர்மறைப் பின்னூட்டம் (கீழே உள்ள புரதம் மேலே உள்ளதைத் திரும்ப அடக்குவது) உள்ள இடத்தில் மாதிரி மாறி மாறி ஊசலாடும், அதைப் பார்த்ததும் செல்லும் அப்படித்தான் ஊசலாடுகிறது என்று எழுதிவிடாதீர்கள். நேரத்தோடு அளந்த தரவு இருந்தால் மட்டும் வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கான கோபாசி மென்பொருளுக்குப் போங்கள். புதிதாகக் கட்டுவதற்கு முன் பயோமாடல்ஸ் களஞ்சியத்தில் தேடுங்கள், இஜிஎஃப்ஆர் பாதைக்கு ஏற்கெனவே பல மாதிரிகள் இருக்கின்றன.

கடைசியில் ஒரு சோதனை. மாதிரியில் மெக்கை அடைத்துப் பாருங்கள். ஈஆர்கே இறங்குவது எந்த மாதிரியிலும் வரும். ஆனால் ஈஆர்கே தனக்கு மேலே உள்ள ராஃபை அடக்கி வைத்திருப்பது விலகி, மெக் மீதே பாஸ்பேட் அதிகரிக்க வேண்டும், பல மெக் தடுப்பான்களில் ஆய்வகத்தில் அப்படித்தான் தெரிகிறது. உங்கள் மாதிரியில் அது வரவில்லை என்றால் பின்னூட்ட அம்பு விட்டுப்போயிருக்கிறது. ராஃப் வகைகளில் ஒன்றான பிராஃபின் ஜீனில் வி600இ என்ற மாற்றம் (600-ஆவது அமினோ அமிலம் மாறியிருப்பது) உள்ள செல்களுக்கு மட்டும் இது பொருந்தாது, அங்கே அந்த ராஃப் இந்தப் பின்னூட்டத்துக்கு அவ்வளவாக அடங்காது, அந்த அம்பை நீங்களே எடுத்துவிட வேண்டும்.