சிறுநீரில் புரதம் கசிந்ததை நான் குறைத்த விதம்

சர்க்கரை நோய் இருப்பவர்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், அது ஏறுவதற்கு வெகு முன்பே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிய ஆரம்பித்துவிடும். எனக்கு இந்தக் கசிவைக் காட்டும் சிறுநீர்ப் பரிசோதனையில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் 30-க்குள் இருக்க வேண்டியது, 80-ஐத் தாண்டியிருந்தது. டாக்டர் பிரஷர் மாத்திரையை மாற்றித் தந்தார்.

மீதி வேலை சமையலறையில்தான். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு என்பதால் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாவற்றையும் நிறுத்தி, ரசத்தில் உப்பைக் குறைத்து எலுமிச்சையும் மிளகும் கூட்டினோம். (இந்துப்பிலும் சோடியம்தான் இருக்கிறது, ஏமாற வேண்டாம்.) அப்புறம், முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் டைக்ளோஃபெனாக்கை அடியோடு விட்டேன், அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையே குறைக்கக்கூடியது. அடுத்த பரிசோதனையில் அந்த விகிதம் 40-க்கு இறங்கியிருந்தது. மாத்திரையும் கட்டுப்பாடும் தொடர்கின்றன.