சைபர் இடரை ரூபாயில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவனத்தின் சைபர் இடரை இயக்குநர் குழுவுக்கு ரூபாயில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று இப்போது பலரும் முனைகிறார்கள்; அவர்கள் தயாரிக்கும் வரைவு அறிக்கைகள் கருத்துக் கேட்டு என்னிடம் வருவதுண்டு. இடரின் அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கட்டங்களுக்கு வண்ணம் தீட்டுவதையும், ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுப் பெருக்குவதையும் இவர்கள் ஏற்கெனவே கைவிட்டவர்கள் என்பதால், அவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ரூபாய்க்கு மாறிய பிறகு வரும் தவறுகள் வேறு வகையானவை. அவற்றில் பெரும்பாலானவை என் பழைய அறிக்கைகளிலும் இருந்தவைதாம். மதிப்பெண்ணை எவரும் கணக்கேட்டில் ஏற்றுவதில்லை. ரூபாயில் ஓர் எண்ணைக் கொடுத்தால் நிதித் துறையினர் அதை நிதி எண்ணாகவே படிப்பார்கள். அதை வைத்தே முடிவும் எடுப்பார்கள்.

நின்றுபோன விற்பனையை அப்படியே இழப்பாக எழுதுவது

ஒரு நாள் விற்பனை 2 கோடி ரூபாய், ஆலை இருபது நாள் நிற்கும், ஆகவே இழப்பு 40 கோடி என்று எழுதினால், தலைமை நிதி அதிகாரி முதல் பக்கத்திலேயே நம்பிக்கை இழந்துவிடுவார். ஆலை ஓடாத நாளில் மூலப்பொருளும் வாங்கப்படவில்லை, மின்கட்டணமும் பெருமளவு குறைந்திருக்கிறது. சம்பளம், வாடகை, வட்டி போன்ற நிலைச் செலவுகளை ஈடுகட்டி லாபமாக மிஞ்சியிருக்க வேண்டிய தொகைதான் இழப்பு. அதிலும் ஒரு பகுதி, பின்னர் கூடுதல் நேரம் வேலைசெய்து ஆர்டர்களை முடிக்கும்போது திரும்ப வந்துவிடும். அந்தக் கூடுதல் நேரச் சம்பளத்தையும், தாமதத்தை ஈடுகட்ட விமானத்தில் சரக்கு அனுப்பும் செலவையும் தனியே சேர்க்க வேண்டும். பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2025 ஏப்ரலில் தாக்குதலுக்கு உள்ளானபின் முதலீட்டாளர்களுக்குச் சொன்ன மதிப்பீடு, செயல்பாட்டு லாபத்தில் ஏறத்தாழ 30 கோடி பவுண்டு பாதிப்பு என்பதுதான்; காப்பீடும் செலவுக் கட்டுப்பாடும் அதைக் குறைக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். உங்கள் அறிக்கையும் அந்த அடிப்படையில் இருக்க வேண்டும்.

சராசரி ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவது

இதைப் பார்க்கும்போது எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. காரணம், இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் கடினமாக உழைத்தவர்கள்.

வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழுக் கூட்டத்தில் இளம் பகுப்பாய்வாளர் ஒருவர் அறிக்கை வாசித்தார். அவருடைய முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜாக் ஜோன்ஸ் உருவாக்கி, தி ஓப்பன் குரூப் அமைப்பு தரநிலையாக ஏற்றுக்கொண்ட ஃபேர் முறைப்படி, ஒவ்வொரு சம்பவமும் ஆண்டுக்கு எத்தனை முறை நிகழக்கூடும், நிகழ்ந்தால் என்னென்ன செலவு வரும் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்த அளவு, அதிக அளவு என்று வரம்பு கேட்டு வாங்கி, அந்த வரம்புகளுக்குள் தற்செயலாக எண்களை எடுத்துத் திரும்பத் திரும்பக் கணக்கிடும் மாண்டி கார்லோ முறையில் பத்தாயிரம் ஆண்டுகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்திருந்தார். இவ்வளவுக்கும் பிறகு இறுதிப் பக்கத்தில் ஒரே வரி: எதிர்பார்க்கும் ஆண்டு இழப்பு 8 கோடி ரூபாய். மூத்த இயக்குநர் ஒருவர், "எட்டு கோடிதானே, வாராக்கடனுக்கு ஒதுக்குவதைப் போல ஆண்டுதோறும் ஒதுக்கிவிடலாமே, பாதுகாப்புக்கு மேற்கொண்டு செலவு எதற்கு?" என்று கேட்டார். அந்த ஆண்டுக்கான காப்புப் பிரதித் திட்டம் அன்றைக்கே தள்ளிவைக்கப்பட்டது. இயக்குநரிடம் தவறில்லை, அவர் கையில் கொடுக்கப்பட்ட எண்ணுக்கு அதுதான் சரியான மறுமொழி.

அந்த 8 கோடிக்குள் என்ன இருந்தது என்பதை, எண்களைச் சற்று மாற்றி எளிமையாக்கிச் சொல்கிறேன். ஒரு பாதி சில்லறைச் சம்பவங்கள்: சரக்கு தருபவரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாகப் போலி மின்னஞ்சல் அனுப்பிப் பணத்தைத் திருப்பிவிடுவது, ஓரிரு கணினிகளில் வைரஸ் புகுவது போன்றவை. ஆண்டுக்கு எட்டு, ஒவ்வொன்றுக்கும் 50 லட்சம் என்று வைத்தால் 4 கோடி. மறு பாதி ஒரே சம்பவம்: தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்து ஆலை வாரக்கணக்கில் நிற்பது. ஆண்டுக்கு 5 சதவீத வாய்ப்பு, நிகழ்ந்தால் 80 கோடி. பெருக்கினால் அதுவும் 4 கோடி. சராசரியில் இரண்டும் ஒன்று. ஆனால் முதலாவது ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் அந்த அளவிலேயே வரும். அதற்கு ஒதுக்கீடு செய்யலாம். இரண்டாவது சராசரியாக இருபது ஆண்டுகளில் பத்தொன்பதில் வராது. வரும் ஆண்டில் 80 கோடியாக வரும். 4 கோடியாக அது ஒருபோதும் வருவதில்லை. நிறுவனத்தின் ஆண்டு லாபமே 60 கோடி என்னும்போது, இரண்டாவது வகை ஆண்டில் வங்கிக் கடனின் நிபந்தனைகள் மீறப்படும், சரக்கு கொடுப்பவர்கள் முன்பணம் கேட்பார்கள். "ஆண்டுக்கு 5 சதவீதம்" என்பது காதில் சிறியதாக விழுந்தாலும், பத்தாண்டுகளில் ஒருமுறையாவது நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம்.

பெரிய இழப்பு என்பது கற்பனை என்று சொல்பவர்களுக்கு மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை நினைவூட்டுவேன். 2017 ஜூனில் உக்ரைனியக் கணக்கு மென்பொருள் ஒன்றின் வழியாகப் பரவிய நாட்பெட்யா என்னும் தீநிரல், அந்த நிறுவனத்தைக் குறிவைக்காமலேயே அதன் கணினி வலையமைப்பைச் சாய்த்தது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. இழப்பு 20 கோடி முதல் 30 கோடி டாலர் என்று நிறுவனமே அறிவித்தது. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதன் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் ஒன்றுக்கொன்று காப்பாக இருந்தன; ஒன்று கெட்டால் மற்றது காக்கும் என்ற ஏற்பாடு அது. எல்லாம் ஒரே வேளையில் கெடும் ஆண்டும் வரலாம் என்பது அந்த ஏற்பாட்டின் கணக்கில் இல்லை. கானாவில் மின்தடையால் இணைப்பு அறுந்திருந்த ஒன்று மட்டும் தப்பியது.

சராசரி மட்டும் போதும் என்பவர்கள் செலவு முடிவையும் தவறவிடுவார்கள். வலையமைப்பிலிருந்து துண்டித்து வைக்கும் காப்புப் பிரதிக்கும் மீட்புப் பயிற்சிக்கும் ஆண்டுக்கு 2.5 கோடி செலவாகி, 80 கோடி இழப்பு 25 கோடியாகக் குறையும் என்று கொள்வோம். சராசரியில் மிச்சம் 2.75 கோடி, ஏறத்தாழ வரவுக்கும் செலவுக்கும் சரி, வேண்டாம் என்று தோன்றும். உண்மையில் அந்தச் செலவு வாங்கித் தருவது, ஆண்டு லாபத்தையே விழுங்கும் இழப்பை நிறுவனம் தாங்கக்கூடிய இழப்பாக மாற்றுவதை. அதைக் காட்டுவதற்குச் சராசரியோடு இன்னும் சில வரிகள் போதும்: ஓர் ஆண்டில் 10 கோடிக்கு மேல் இழக்கும் வாய்ப்பு எவ்வளவு, 30 கோடிக்கு மேல் எவ்வளவு, ஆண்டு லாபத்துக்கு மேல் எவ்வளவு, புதிய ஏற்பாட்டுக்குப் பிறகு அந்த மூன்றும் எப்படி மாறும். எந்தத் தொகைக்கு மேல் தாங்க முடியாது என்பதை நிதி அதிகாரியிடம் கணக்கைத் தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இவை அனைத்தும் அந்தப் பத்தாயிரம் விடைகளுக்குள்ளேயே கிடக்கின்றன. கணினியை அவ்வளவு ஓட்டிவிட்டு, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிடுவதுதான் பொறுக்கவில்லை.

ஊர் இழப்பை நம் இழப்பாக எழுதுவது

ஐபிஎம் 2024 அறிக்கை தரும் உலகச் சராசரி, ஒரு தரவுக் கசிவுக்கு 48.8 லட்சம் டாலர். அதை ரூபாய்க்கு மாற்றி "நம் இடர்" என்று ஒட்டும் அறிக்கைகளை வாசிக்காமலேயே திருப்பி அனுப்பிவிடலாம்; உங்கள் வாடிக்கையாளர் எண்ணிக்கையோ தொழிலோ அந்த எண்ணுக்குள் இல்லை. யாருடைய இழப்பு என்பதையும் பார்க்க வேண்டும். ஜாகுவார் லேண்ட் ரோவர் மீதான 2025 தாக்குதலுக்குப் பிரிட்டனின் சைபர் மானிட்டரிங் சென்டர் சொன்ன 190 கோடி பவுண்டு, அந்நாட்டுப் பொருளாதாரம் முழுவதற்குமான மதிப்பீடு. அந்த நிறுவனம் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் தாக்குதலுக்கான சிறப்புச் செலவாகக் காட்டியது 19.6 கோடி பவுண்டு, உற்பத்தி நின்றதன் பாதிப்பு அதற்கு வெளியே. நிறுவனத்தின் சொந்த இழப்பு போக மீதி, உதிரிபாகம் கொடுத்தவர்கள் போன்றோர் தலையில் விழுந்தது. அவர்களுடைய கணினிகளை யாரும் தொடவில்லை. நீங்கள் உதிரிபாக நிறுவனத்துக்குக் கணக்குப் போடுபவர் என்றால், பெரிய வாடிக்கையாளர் நின்றுபோவதும் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும்.

அபராதத்தின் உச்சவரம்பை எதிர்பார்ப்பாக எழுதுவது

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் என்பது "வரை" என்ற சொல்லோடு வருகிறது.

காப்பீட்டுத் தொகை முழுவதையும் கழித்துவிடுவது

பாலிசித் தொகை 50 கோடி என்றால் இழப்பில் 50 கோடியைக் கழிப்பது வழக்கமாகிவிட்டது. முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகை, தொழில் முடக்கத்துக்கான காத்திருப்பு நேரம், சில வகை இழப்புகளுக்கு மட்டும் வைத்த துணைவரம்புகள், விலக்குகள் ஆகிய நான்கையும் பாலிசியிலேயே படியுங்கள். நாட்பெட்யாவால் பாதிக்கப்பட்ட மெர்க் மருந்து நிறுவனம் ஏறத்தாழ 140 கோடி டாலர் கோரியபோது, போரால் வரும் இழப்புக்குப் பணம் இல்லை என்னும் போர் விலக்கைக் காட்டிக் காப்பீட்டாளர்கள் மறுத்தார்கள். நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் மெர்க் பக்கம் தீர்ப்பளித்து, 2024 தொடக்கத்தில் சமரசம் ஏற்படும்வரை வழக்கு நடந்தது. அதற்குள் லண்டனின் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை, அரசுகளின் ஆதரவு பெற்ற தாக்குதல்களுக்கான விலக்கைத் தனி சைபர் பாலிசிகளில் கட்டாயமாக்கியும் விட்டது. காப்பீட்டுக்கு முன், காப்பீட்டுக்குப் பின் என்று இரண்டு எண்களைக் கொடுங்கள். பணம் எத்தனை மாதம் கழித்து வரக்கூடும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள், ஏனெனில் அதுவரை சம்பளம் கொடுக்க வேண்டியவர் நிதி அதிகாரிதான்.

7,43,21,650 ரூபாய் என்று எழுதுவது

"6 கோடி முதல் 9 கோடி வரை" போதும்.

கணக்கிட்ட தேதியை விட்டுவிடுவது

புதிய ஆலையோ புதிய மென்பொருளோ வந்தவுடன் பழைய எண் செல்லாது. ஆனாலும் ஒருமுறை கூட்டத்தில் காட்டப்பட்ட எண், வேறு துறைகளின் அறிக்கைகளில் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். தேதியையும், கணக்கின் அடிப்படையாக அமைந்த ஊகங்களையும் எண்ணுக்கு அடியிலேயே அச்சிட்டுவிடுங்கள். பின்னிணைப்பில் தள்ளினால் எண் மட்டும்தான் நகலெடுக்கப்படும்.