ஆவாரை வளர்ப்பு: வெயில் காயும் தோட்டத்துக்கு ஒரு செடி

வேலூர் வெயில் 40 பாகையைத் தாண்டும் சித்திரையில் ரோஜாத் தொட்டிகளுக்குப் பச்சை வலை கட்டித் திணறுபவர்கள், நிழலே கேட்காத ஆவாரையைப் பொருட்படுத்தாதது ஏன் என்று எனக்கு விளங்கியதில்லை. ஒரு காலத்தில் வட ஆர்க்காட்டின் தோல் ஷாப்புகளில் தோலைப் பதப்படுத்த இதன் பட்டை வேண்டியிருந்தது. இப்போது பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

முதலில் விதை. சாலையோரச் செடியில் காகிதம்போல் தட்டையாகி, பழுப்பேறி, ஆட்டினால் கலகலக்கும் காய்களைப் பறித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பூவை மட்டும் பார்த்து ஏமாறாமல், இலைக்காம்பின் அடியில் காதுமடல்போல் அகன்ற இரண்டு சிற்றிலைகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இருந்தால் ஆவாரைதான்.

விதையின் ஓடு கடினமானது என்பதால், அப்படியே ஊன்றினால் பெரும்பாலானவை முளைக்காமல் கிடக்கும். கொதித்து இறக்கிச் சற்று ஆறிய நீரை விதைகளின்மேல் ஊற்றி, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை விதைத்துவிட்டு, கல்லாகவே இருப்பவற்றை உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து மறுபடியும் ஊறவைக்கலாம்.

ஆடி மாத இறுதியில் விதைத்தால், ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடியாகையால், நாற்றுவிட்டுப் பிடுங்கி நடாமல், நிற்கப்போகும் இடத்திலேயே ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். செடிக்குச் செடி மூன்றடி இடைவெளி போதும். இரண்டு பங்கு செம்மண்ணும் ஒரு பங்கு மணலும் கலந்தால் நீர் தேங்காது. எருவை அள்ளிப் போட்டால் இலைதான் தழைக்கும்.

தண்ணீரில்தான் பலர் தவறுகிறோம். காலையும் மாலையும் குவளை குவளையாக ஊற்றி, நான் வளர்த்த முதல் நான்கு கன்றுகளையும் தண்டின் அடி கறுத்து அழுகும்படி செய்தேன். முளைவிட்ட முதல் இரண்டு வாரங்கள் மண் ஈரமாக இருக்கட்டும். அதன்பின் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, மண் உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். வேரோடியபின், மழையில்லாத மாதங்களில் எப்போதாவது ஊற்றினால் போதும்.

இலைகளில் பச்சைப் புழுக்களைக் கண்டால் மருந்து தெளிக்க வேண்டாம். அவை ஆவாரையைத் தின்று வளரும் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் குஞ்சுகளாக இருக்கக்கூடும். இழந்த இலையைச் செடி மீண்டும் விட்டுக்கொள்ளும். காய்கள் முற்றியபின் கிளை நுனிகளை ஒரு சாண் கவாத்துச் செய்தால் பக்கக் கிளைகள் வெடிக்கும். அடுத்த ஆடிக்கான விதைக்காக, ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் விட்டுவையுங்கள்.