சோறு மறுபடி தட்டுக்கு வர

தண்டையார்பேட்டையில் டயட்டீஷியனாக இருக்கும் என்னிடம் அம்மாக்கள் போனில் எடுத்த ஒரு படத்தைக் காட்டுவார்கள். தட்டில் காசிமேட்டுச் சங்கரா மீன், குழம்பு வழித்து எடுக்கப்பட்டு எலும்பாகக் கிடக்கும். ஓரத்தில் ஒரு பருக்கை குறையாமல் சோறு காய்ந்திருக்கும். "அவங்க அப்பாவுக்குச் சுகர்னு வீட்டுல சோத்தைக் குறைச்சோம் மேடம். இவ சுத்தமா விட்டுட்டா."

சர்க்கரை நோய்க்கு மாவுச்சத்தைக் குறைக்க நானே அளவு எழுதித் தருகிறேன். ஆனால் சாப்பிடும் விதத்தையே குலைக்கும் மனநோயான ஈட்டிங் டிஸார்டரிலிருந்து மீள்பவருக்கு அதைத் தரமாட்டேன். 'சோறு கூடாது' என்ற ஒரு விதி போதும், நோய் அதற்குள் வசதியாக ஒளிந்துகொள்ளும். ஊரும் "நல்ல கட்டுப்பாடு" என்று பாராட்டும். பகலெல்லாம் அடக்கிவிட்டு ராத்திரி ஒரு பாக்கெட் பிரெட்டை நின்றபடியே தின்று தீர்ப்பவரைத் திட்டாதீர்கள். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கே நினைப்பெல்லாம் சாப்பாடாகிப் போனது. பிறகு சிலர் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள்.

முதலில் டாக்டரைப் பாருங்கள். பல நாள் சரியாகச் சாப்பிடாதவர், வேகமாக இளைத்தவர், மயங்கி விழுந்தவர், சாப்பிட்டதை வாந்தி எடுப்பவர் யாரும் வீட்டிலேயே சோற்றை மறுபடி தொடங்கக் கூடாது. பட்டினிக்குப் பின் மாவுச்சத்து சட்டென்று உள்ளே போனால் இன்சுலின் ஏறும். ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் செல்களுக்குள் போய்விடும். இதயத்துக்கே ஆபத்து. ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சொல்லும் வேகத்தில்தான் சாப்பாட்டைக் கூட்ட வேண்டும். நம் பகுதிக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்தான். மனசுவிட்டுப் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, இலவசம்.

டாக்டர் சரி என்றதும் நேரத்தைப் பிடியுங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே இரண்டு மூன்று முறை சுண்டலோ பழமோ பாலோ. நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். "பசிக்குதா?" என்று கேட்காதீர்கள்; பசி உணர்வு திரும்ப நாளாகும், அதுவரை கடிகாரம்தான்.

அப்புறம் பயப்படும் உணவுகளை அவரையே எழுதச் சொல்லுங்கள். பயம் குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். நான் பார்த்த ஒரு பெண்ணுக்கு அது இட்லி. வழக்கமாகச் சாப்பிடுவதோடு ஒரு இட்லி, நெத்திலிக் குழம்பு, தினமும் காலை எட்டரை மணி. முதல் நாள் அந்த ஒன்றைப் பிட்டுப் பிட்டு முக்கால் மணி நேரம் சாப்பிட்டாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எதிர்வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவைத்தான் நான் எல்லோருக்கும் உதாரணம் சொல்கிறேன். "அப்பாடா, நல்லா சாப்பிட்டே" என்ற ஒரு சொல்கூட அவர் வாயில் வரவில்லை, அதுவும் குத்தும்.

பரிமாறுவது வீட்டார் வேலை. தராசு, அளவுக் கப் வேண்டாம். எடை மெஷினைப் பரணில் போடுங்கள், நாங்கள் கிளினிக்கில் பார்த்துக்கொள்கிறோம். தொடக்கத்தில் எடை சட்டென்று ஏறினால் பெரும்பாலும் அது தண்ணீர்தான்: மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனாகச் சேமிக்கும்; அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்துவைக்கும். கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அப்பாவின் தட்டு அப்பாவுக்கு. அவருடைய சுகர் கணக்கைச் சாப்பிடும் இடத்தில் பேச வேண்டாம். இந்த நோயோடு சுகரும் சேர்ந்திருப்பவர் என்றால் மாத்திரை, இன்சுலின், சோறு மூன்றையும் டாக்டரும் டயட்டீஷியனும் சேர்ந்தே மாற்ற வேண்டும்.

அந்தப் பெண் எழுதிய பட்டியலில் கடைசி வரி பீச் ஸ்டேஷன் பக்கத்துக் கடையின் அத்தோ, பர்மா நூடுல்ஸ். இட்லியிலிருந்து அங்கே போக ஏழு மாதம் ஆனது. தங்கையோடு நின்று சாப்பிட்டாள், பாதித் தட்டுதான். மறுவாரமும் போனார்கள்.