நோட்ஸ் கசிந்த பிறகு தெரிந்த தவறுகள்

போன மாதம் தேவகோட்டையிலிருந்து ஓர் இளம் ஆசிரியர் காரைக்குடிக்கு என்னைப் பார்க்க வந்தார். பிளஸ் டூ கணக்குப்பதிவியல் டியூஷன் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. அவருடைய நோட்ஸ் டெலிகிராமில் சுற்றுகிறதாம். "எந்தப் பையன் போட்டான் என்று தெரிந்தால் போதும் சார்" என்று பல்லைக் கடித்தார். கோப்பை வாங்கிப் புரட்டினேன். 2020-இல் நான் செய்த தவறுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வேர்டு கோப்பாகவே அனுப்பியது, பூட்டுப் போடாதது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் யாரும் திருந்திவிடுவார்கள்.

விலாசம் வெட்டாத பாத்திரம்

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பித்தளைப் பாத்திரங்களைத் திருப்பிப் பாருங்கள். வீட்டை விட்டுப் போன பிறகும் பலவற்றில் அந்தக் குடும்பத்தின் விலாசம், அதாவது தலைப்பெழுத்துகள், வெட்டியபடி இருக்கும். நம் நோட்ஸில் முதல் பக்கத்தில் மட்டும் பெயர் போடுகிறோம். நகலெடுப்பவன் முதலில் கிழிப்பதும் அந்தப் பக்கத்தைத்தான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பெயர், ஆண்டு, வாங்கிய மாணவரின் எண், மூன்றும் சிறிய எழுத்தில் இருக்கட்டும்.

அடுத்தவர் பக்கத்தை நம் நோட்ஸில் செருகுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

ஊரடங்கு நேரத்தில் 140 பக்க நோட்ஸ் ஒன்றைத் தயாரித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரண்டு மாதம் கழித்துப் புதிதாகச் சேர வந்த மாணவி, ஸ்பைரல் போட்ட புத்தகம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள். நகல் கடையில் எண்பது ரூபாயாம். அட்டையில் என் பெயர் இல்லை. ஆனால் பற்றும் வரவும் சமமாக வருகிறதா என்று பார்க்கும் இருப்பாய்வுப் பாடத்தில் கடனாளிகள் 5,400 என்று வர வேண்டிய இடத்தில் 4,500 என்று இருந்தது. வித்தியாசம் 900. ஒன்பதால் வகுபடுகிறது என்றால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பார் என வகுப்பில் சொல்லிக்கொடுப்பவனே இலக்கத்தை மாற்றித் தட்டச்சு செய்திருந்தேன். வகுப்பில் வாயால் திருத்தினேன், கோப்பில் திருத்தவில்லை. அந்தப் பிழைதான் எனக்குச் சாட்சி.

கோபத்தில், அந்தக் கோப்பு ஏறியிருந்த இணையதளத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். பதிப்புரிமை விதிகள் 2013-இல் 75-ஆம் விதி இதற்கு வழி சொல்கிறது. உரிமையாளர் நான்தான் என்பதற்கான விவரம், எந்த இடத்தில் நகல் இருக்கிறது, வழக்குத் தொடுப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் எழுத்தில் கொடுக்க வேண்டும். புகாரில் பொருள் இருந்தால் இணையதளம் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். உரிமையாளர் என்ற வரியில் பேனா நின்றது. பொறுக்கிப் பார்த்தேன். 31 பக்கங்கள் ஒரு வழிகாட்டி நூலிலிருந்து அப்படியே ஸ்கேன் செய்தவை. அவசரத்தில் செருகியவை. எந்த முகத்தோடு கையெழுத்துப் போடுவது? புகாரைக் கிழித்தேன். அந்த ஆண்டு சேர்க்கை பாதியானது.

"பாடத்துக்காக நகலெடுத்தால் தப்பில்லையே" என்று இப்போது வரும் ஆசிரியர்கள் வாதாடுகிறார்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவில் கற்பித்தலுக்கு விலக்கு இருப்பது உண்மை. பல்கலைக்கழகப் பாடத்துக்கான நகல் தொகுப்புகளுக்கு 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இடம் கொடுத்ததும் அந்த விலக்கை வைத்துத்தான். காசு வாங்கி விற்கும் டியூஷன் நோட்ஸுக்கு அதைக் குடையாகப் பிடிக்காதீர்கள்.

பற்று வரவு விதிகள் யாருக்கும் சொந்தமில்லை. நீங்கள் கட்டிய கணக்கும் எழுதிய விளக்கமும் உங்களுடையவை; எழுதி முடித்த கணமே உரிமை வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. ஆகவே கடை, வட்டி, ஐந்தொகை (இருப்புநிலைக் குறிப்பு) என்று நம் ஊர்ச் சங்கதியை வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரு பாடத்துக்கு நான்கு நாள் ஆகும். ஆகட்டும்.

மாணவனைப் பெயர் சொல்லித் திட்டுவது

வேண்டாம். கோப்பு அவன் அண்ணன் போனிலிருந்து போயிருக்கலாம்.

பக்கத்தை மறைக்கும் வாட்டர்மார்க்

எண்கள் தெரியாது. தெளிவான நகலைத் தேடி மாணவர்களே டெலிகிராமுக்குப் போவார்கள்.

பள்ளிக்காக எழுதியதை நம்முடையது என்பது

சம்பள வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவர். 17-ஆம் பிரிவு. சேரும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டெலிகிராமை யாராலும் தொட முடியாது என்று நினைப்பது

2022 ஆகஸ்டில் ஒரு பயிற்சி ஆசிரியர் தொடுத்த வழக்கில், அவருடைய பாடங்களைப் பரப்பிய சேனல்களை நடத்தியவர்களின் விவரங்களைத் தரும்படி டெலிகிராமுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. செலவும் அலைச்சலும் உண்டு. அதற்கு முன் உங்கள் கோப்பு சுத்தமாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் தேவகோட்டைத் தம்பியிடம் சொல்லிக்கொண்டே அவர் கோப்பைத் தள்ளிக்கொண்டு போனேன். 37-ஆம் பக்கம், இருப்பாய்வு. கடனாளிகள் 4,500.

"இந்தக் கணக்கு எங்கே கிடைத்தது தம்பி?"

"டெலிகிராமில் சார். யார் போட்டதோ தெரியவில்லை. ஆனால் கூட்டுத்தொகை சரியாக வரமாட்டேன் என்கிறது."