தாதுப் படிவுகளின் தோற்றம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புவியின் ஆழத்தில் பாறைக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது, அதிலிருந்து உலோகங்கள் மேலேறி வந்து சுரங்கங்களில் கிடைக்கின்றன என்ற ஒற்றைவரி விளக்கம் பரவலாக வழங்கிவருகிறது. உலோகம் எங்கிருந்து வந்தது, எது அதைச் சுமந்தது, எங்கே, எப்போது, எதனால் தங்கியது என்ற தனித்தனிக் கேள்விகளை ஒரே நிகழ்வாகச் சுருக்கிவிடுவதே இதன் அடிப்படைக் குறை. பாறைகளையும் கனிமங்களையும் பற்றி நிலவும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தச் சுருக்கலிலிருந்து பிறந்தவையே.

மேலோட்டுக்கு அடியிலிருந்து ஏறத்தாழ 2,900 கி.மீ. ஆழம் வரை பரவியுள்ள கவசத்தை உருகிய குழம்பு என்று கருதுவது இவற்றுள் மிகப் பழகிப்போன ஒன்று. திரவத்தின் ஊடே செல்ல இயலாத இரண்டாம் நிலை நில அதிர்வு அலைகள் கவசத்தைத் தடையின்றிக் கடக்கின்றன. ஆகவே அது திண்மமே. பனியாறு திண்மமாக இருந்துகொண்டே சரிவில் நகர்வதைப் போல, கவசப் பாறையும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவில் நகர்கிறது. பாறை உருகுவதற்கு வெப்பம் கூட வேண்டும் என்பதும் எப்போதும் பொருந்தாது. நடுக்கடல் முகடுகளின் கீழே மேலெழும் கவசப் பாறை, அழுத்தம் குறைவதால் மட்டுமே ஓரளவு உருகுகிறது. புவியின் மேற்பரப்பை அமைக்கும் பெரும் பாறைத் தட்டுகளுள் ஒன்று மற்றொன்றின் கீழ் அமிழும் இடங்களில், அமிழும் தட்டிலிருந்து வெளியேறும் நீர் மேலேயுள்ள கவசத்தின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. அங்கே பெரும்பாலும் உருகுவது இந்தக் கவசம்தான். அமிழும் தட்டு உராய்வால் உருகி எரிமலையாகிறது என்ற விளக்கத்தை இனியும் எழுதிக்கொண்டிருப்பதற்குக் காரணமில்லை.

உருகுதல் பகுதியளவே நிகழ்வதால், எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறையான பசால்ட்டைக் கவசத்தின் மாதிரியாகக் கொள்வதும் தவறாகிறது. கவசப் பாறையான பெரிடோடைட்டிலிருந்து முதலில் பிரியும் உருகல், மூலப்பாறையைவிடச் சிலிக்கா மிகுந்ததாகவும் மக்னீசியம் குறைந்ததாகவும் இருக்கும். உண்மையான மாதிரியைக் காண வேண்டுமெனில், சில பசால்ட்டுகளுக்குள் சிக்கி வந்த கட்டிகளைத் தேட வேண்டும். கரும்பாறையை உடைத்தால் உள்ளே ஒலிவின் என்னும் கனிமத்தின் மணிகள் நெருங்கிய பச்சைத் துண்டு ஒன்று, கூர்மையான விளிம்புடன், சுற்றியுள்ள பாறையோடு கலவாமல் பதிந்திருக்கும், அதுவே கவசம்.

நிலக்கரி அழுந்தி வைரமாகிறது என்ற கூற்றை எத்தனை முறை மறுத்தாலும் அது மீண்டும் தலைதூக்குகிறது. பெரும்பாலான வைரங்கள் பழங்கண்டங்களின் அடியில் 150 முதல் 200 கி.மீ. ஆழத்தில் உருவானவை, நிலக்கரியோ மேலோட்டின் மேற்பகுதியில் உள்ள படிவுப் பாறைகளைச் சார்ந்தது. காலக்கணக்கும் ஒத்துவராது. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி, ஃபின்ஷ் சுரங்கங்களின் வைரங்களுக்குள் அடைபட்டிருந்த நுண்ணிய கார்னெட் கனிம மணிகளை ஆராய்ந்து 1984இல் வெளியிட்ட முடிவு, அவற்றின் வயதை 320 கோடி ஆண்டுகளுக்கும் மேல் என்று காட்டியது. நிலக்கரிக்கு மூலமான நிலத்தாவரங்கள் தோன்றி 50 கோடி ஆண்டுகள்கூட ஆகவில்லை என்பதே பொதுவான மதிப்பீடு. இதையொட்டி நிகழும் இன்னொரு பிழை, வைரம், அதைத் தாங்கியிருக்கும் எரிமலைப் பாறையான கிம்பர்லைட்டில் பிறந்தது என்பது. கிம்பர்லியின் கிம்பர்லைட் வெடித்தெழுந்து சுமார் 9 கோடி ஆண்டுகளே ஆகின்றன. அது வெறும் ஊர்தி. அதுவும் விரைந்து ஏறிய ஊர்தி. மெதுவாக ஏறியிருந்தால் வைரம் கிராஃபைட்டாக மாறியிருக்கும், அல்லது உருகலில் கரைந்திருக்கும்.

தாதுக்களைப் பொறுத்தவரை, உலோகம் மிகுந்த குழம்பு இருந்தால் போதும் என்று எண்ணுவதே பெரிய தவறு. மேலோட்டில் செம்பின் சராசரி பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். சுரங்கத்தில் அது அரை விழுக்காடு அளவிலாவது இருக்க வேண்டும். இந்த நூறு மடங்குச் செறிவை உண்டாக்குவதில் சூடான உப்புநீருக்குப் பெரும்பங்கு உண்டு. குழம்பு சில கிலோமீட்டர் ஆழத்தில் இறுகும்போது அதிலிருந்து நீர் பிரிகிறது. அந்நீரிலுள்ள குளோரின் செம்பைப் பற்றிக்கொள்கிறது. விரிசல்களில் நீர் குளிரும்போது செம்பு கந்தகத்தோடு சேர்ந்து படிகிறது. இத்தகைய படிவின் ஒரு கைத்துண்டைப் பார்த்தால், சாம்பல் நிறப் பாறையில் மயிரிழைக் குவார்ட்சு நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதும், அவற்றினூடே செம்பின் கந்தகத் தாதுவான பித்தளை நிறச் சால்கோபைரைட் துகள்கள் சிதறியிருப்பதும் தெரியும். ஆழத்திலேயே கந்தகச் சேர்மமான சல்பைடு குழம்பிலிருந்து முன்கூட்டிப் பிரிந்துவிட்டால், செம்பு அங்கேயே தங்கிவிடும், மேலே படிவும் அமையாது. ஆண்டிஸ் மலைத்தொடரின் கீழே ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளாகத் தட்டு அமிழ்ந்துவந்தும், சிலியின் செம்புப் படிவுகளான சுகிகமாட்டா சுமார் 3.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், எல் தெனியேந்தே சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பும் குறுகிய காலங்களிலேயே உருவாயின. எல்லாம் ஒருசேர அமைந்தாலன்றிப் பெரும் படிவு உருவாவதில்லை.

மாறாக, நிக்கலும் பிளாட்டினமும் கிடைத்தால் உடனே கவசத்தையே மூலமாகக் காட்டுவதும் அவசர முடிவே. தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் தொகுதிக்கு அது பொருந்தும். அங்கே கவசத்திலிருந்து எழுந்த குழம்பு சுமார் 205 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக இறுகியது. கனடாவின் சட்பரியில் உள்ள நிக்கல் தாதுவோ சுமார் 185 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்பொருள் மோதி மேலோடு உருகியதால் செறிந்தது. அலுமினியத்தின் தாதுவான பாக்சைட்டுக்குக் கவசத்தின் வெப்பம் தேவையே இல்லை. வெப்பமண்டல மழை பாறையிலிருந்து பிறவற்றைக் கரைத்துச் சென்றபின் எஞ்சுவதே அது.

குவார்ட்சு நரம்பு தென்பட்ட இடமெல்லாம் தங்கம் உண்டு என்ற நம்பிக்கைக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை: குவார்ட்சாகப் படியும் சிலிக்கா பெரும்பாலான வெந்நீரில் உண்டு, தங்கம் அப்படியில்லை. மஞ்சளாகப் பளபளக்கும் துகளை மெருகற்ற வெள்ளைப் பீங்கானில் தேய்த்துப் பார்க்கலாம். தங்கம் போலத் தோன்றும் பைரைட் என்னும் கனிமம் பச்சை கலந்த கருங்கோட்டையும், தங்கம் மஞ்சள் கோட்டையும் விடும்.

கனிமத்தின் வயதைப் பாறையின் வயதாக எடுத்துக்கொள்வதும் தவிர்க்கப்பட வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் 440 கோடி ஆண்டு வயதுடைய சிர்கான் என்னும் கனிம மணி கிடைத்தது. ஆனால் அதைத் தாங்கியிருக்கும் பாறை, சுமார் 300 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த மணலும் கூழாங்கற்களும் பின்னர் உருமாறியதால் அமைந்தது. அந்த மணி முதலில் படிகமான பாறை இன்று எங்கும் காணப்படவில்லை.