மைதானத்துக்குப் போகும் நேரத்தை விருதுக்கும் கணக்கு வையுங்கள்

புதுச்சேரி உப்பளம் மைதானத்துக்குப் பிள்ளை கால்பந்துப் பயிற்சிக்குப் போகிறதா? பள்ளியில், படிப்புக்கு வெளியே பிள்ளைகள் செய்வதற்கு விருது தரும் டியூக் ஆஃப் எடின்பரோ சர்வதேச விருதுத் திட்டம் இருந்தால் உடனே பதிவு செய்துவிடுங்கள். 14 வயதிலிருந்து சேரலாம். உடற்பயிற்சி, சேவை, திறன் என்ற பிரிவுகளில் ஒவ்வொன்றுக்கும் வாரம் ஒரு மணி நேரம்தான் கேட்கிறார்கள். பயிற்சியிலேயே அது வந்துவிடும். தான் ஆடுவது உடற்பயிற்சிப் பிரிவு. ஞாயிறு காலை கூம்பு வைத்து, பொடிசுகளுக்குப் பந்தைக் காலால் நிறுத்தச் சொல்லிக்கொடுத்தால் அது சேவைப் பிரிவு. நடுவர் வேலை பழகினால் திறன் பிரிவுக்கும் ஆச்சு.

ஆனால் ஒரே மணி நேரத்தை இரண்டு பிரிவில் எழுத முடியாது. பணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுப்பது சேவையில் சேராது. பதிவுக்கு முன்னால் ஆடியதும் கணக்கில் வராது. அப்புறம், சாகசப் பயணம் என்று இன்னொரு பிரிவும் உண்டு; அதற்கு மைதானம் போதாது, வேறாக மூட்டை கட்ட வேண்டும்.